சீனியவரைக்காய்க்கு இன்னொரு பேரு 412

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது கொத்தவரங்காய் பத்தின பதிவு. சின்ன வயசுல தட்டுல அதைப் பார்த்ததும் முகத்தைச் சுளிச்சவங்க எல்லாம் இப்பவே ஓடிடலாம் :-) ஓடாம நிக்கறவங்களுக்கு ஒரு சேதி. கடையில இருந்து நீங்க கொத்தவரங்காயே வாங்கலைன்னாலும் உங்க வீட்டு ஃப்ரிட்ஜுல அநேகமா அது உட்கார்ந்திருக்கும். ஐஸ்கிரீம் டப்பா, பாக்கெட் தேங்காய்ப்பால், பாதாம் பால், ஏதாவது ஒரு சாஸ் பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பாருங்க. பொடி எழுத்துல 'திக்கனர் 412'ன்னோ 'ஸ்டெபிலைசர் ஐஎன்எஸ் 412'ன்னோ போட்டிருந்தா அது இவர்தான். வெளிநாட்டு டப்பான்னா 'இ 412'. முழுப்பேரு குவார் கம். குவார்னா ஹிந்தியில கொத்தவரை.

எங்க திருநெல்வேலிப் பக்கம் இதைச் சீனியவரைக்காய்னு சொல்லுவோம். மோர்ல ஊற வெச்சு வெயில்ல காயப்போட்டு வத்தலாக்கி, மழைக்காலத்துல வறுத்துத் தின்ன ஊர்க்காரன் நான். அதையே மூட்டை மூட்டையா மில்லுல அரைக்கற ஊர்ல வந்து வேலை பார்ப்பேன்னு நினைச்சதில்லை. பொதுத்துறை வங்கி ஒண்ணுல வேலை. 2022-ல ஜோத்பூருக்கு மாத்தினாங்க. விவசாயக் கடன், சின்ன மில்லுகளுக்கான கடன் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். அதனால குவார்ங்கற வார்த்தையைக் காதுல வாங்காம ஒரு நாளும் போகாது.

ஆனா இந்தப் பதிவுக்குக் காரணம் ஆபீஸ் இல்லை, வீடு. எங்க சின்னவளுக்கு இப்ப ஆறு வயசு. அவளுக்குப் பசும்பால் புரதம் ஆகாது. பால் குடிச்சா வயிறு உப்புசமாகும்னு சிலர் சொல்லுவாங்களே, அது லாக்டோஸ்ங்கற சர்க்கரை செரிக்காத விஷயம், வேற. இவளுக்கு அலர்ஜி. ஒரு ஸ்பூன் தயிர் உள்ளே போனா உடம்பெல்லாம் தடிச்சு, உதடு வீங்கிடும். அதனால எங்க வீட்டுல கொள்கைக்காக யாரும் வீகன் இல்லைன்னாலும், அலமாரி பூரா வீகன் சாமான்தான். தேங்காய்ப்பால், பாதாம் பால், ஓட்ஸ் பால், பால் இல்லாத ஐஸ்கிரீம். இந்த எல்லா டப்பாவுலயும் இந்த 'கம்' இருக்கும்.

ஊர்ல இருந்து வந்த அம்மா முதல் தடவை அந்த டப்பாவைக் கையில எடுத்துப் படிச்சாங்க. "எய்யா, கம்முன்னா பசைல்லா? பிள்ளைக்குப் போயி பசையவா ஊத்துதிய?"ன்னு கேட்டாங்க. கேள்வி நியாயமானதுதான். நம்ம குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல சுத்தற 'இந்த நம்பர் இருந்தா தொடாதீர்கள்' பட்டியல்களும் இதே பயத்துல பிறந்ததுதான். பெங்களூர், புனே, தில்லின்னு எங்கே இருந்தாலும் நம்ம குடும்பங்கள் இப்ப பாதிச் சமையலை டப்பாவுலதான் வாங்கறோம். அதனால அம்மாவோட கேள்விக்கு உருப்படியா பதில் எழுதி வைக்கலாம்னு தோணிச்சு.

*

முதல்ல அது எங்கே இருந்து வருது?

உலகத்துல விளையற குவார்ல சுமார் 80 சதவீதம் இந்தியாவுல விளையுது. அதுல பெரும்பங்கு ராஜஸ்தான். மிச்சம் ஹரியானா, குஜராத், பஞ்சாப். அடுத்தபடியா பாகிஸ்தான். பார்மேர், பீகானேர், சூரு, ஹனுமான்கட், ஸ்ரீகங்காநகர்னு மேற்கு, வடக்கு ராஜஸ்தான் முழுக்க ஜூலை மழை விழுந்ததும் விதைப்பாங்க. அக்டோபர், நவம்பர்ல அறுவடை. மணல் பூமி, கொஞ்சூண்டு மழை போதும். அவரை, உளுந்து குடும்பம்தான். வேர்ல நைட்ரஜனைச் சேர்த்து வெச்சு மண்ணுக்கும் நல்லது பண்ணிட்டுப் போகும்.

நாம பொரியல் பண்றது பிஞ்சு. பூசா நவ்பஹார் மாதிரி காய்கறிக்குன்னே தனி ரகங்கள் இருக்கு. ஹெச்ஜி 365 மாதிரி கம்முக்கான ரகங்களைச் செடியிலேயே நல்லா முத்தவிட்டு, காய வெச்சு, விதையைத்தான் எடுப்பாங்க. சாம்பல் நிறத்துல, மிளகை விடச் சின்னதா இருக்கும்.

கடன் ஆய்வுக்காக ஒரு மில்லுக்குப் போனப்ப முழு வேலையையும் பார்த்தேன். விதையைச் சலிச்சு, சூடாக்கி, ரெண்டா உடைக்கறாங்க. விதைக்குள்ள மூணு பகுதி. வெளித்தோல், நடுவுல முளை, ரெண்டுக்கும் இடையில வெள்ளையா, பாதி கண்ணாடி மாதிரி ஒரு பருப்பு. கம் இருக்கறது அந்த வெள்ளைப் பருப்புல மட்டும்தான். தோலையும் முளையையும் உரசி உரசிப் பிரிச்சுட்டு, வெள்ளைப் பருப்பைத் தண்ணி காட்டி, உருளையில நசுக்கி, அரைச்சு, காய வெச்சுச் சலிச்சா பொடி தயார். நூறு கிலோ விதைக்கு முப்பது கிலோ சொச்சம் பருப்பு தேறும்னாங்க.

மிச்சம்? அதுக்குப் பேரு சுரி, கோர்மா. புரதம் நிறைஞ்ச மாட்டுத் தீவனம். பால் குடிக்காதவங்க ஐஸ்கிரீமுக்குப் பொடி போகுது, மிச்சம் மாட்டுக்குப் போயி பாலாகுது. இந்தச் செடி ரெண்டு கட்சிக்கும் சமமா வேலை பார்க்குது பாருங்க :-)

மில்லுல ஒரு விஷயம் மட்டும் மனசுல நின்னுச்சு. அந்தப் பொடித் தூசி. தண்ணியை இழுக்கற பொடி, மூக்குக்குள்ள போனா சும்மா இருக்குமா? இந்தத் தூசியைத் தினமும் சுவாசிக்கற தொழிலாளிகளுக்கு ஆஸ்துமா வரலாம்ங்கறது மருத்துவ ஆய்வுகள்ல பதிவான விஷயம். முகத்துல துணியைச் சுத்திக்கிட்டு நின்ன ஆட்களைப் பார்த்தப்ப, டப்பா வாங்கறவங்க உடம்பைப் பத்தி நாம பேசறதுல பத்துல ஒரு பங்காவது இவங்களைப் பத்திப் பேசறோமான்னு தோணிச்சு.

*

சரி, வீகன் சாப்பாட்டுக்கு இது ஏன் இவ்வளவு வேணும்?

பால், முட்டை, ஜெலட்டின் மூணும் சுவைக்காக மட்டும் சேர்க்கற சாமான் இல்லை. பால் புரதம் கொழுப்பையும் தண்ணியையும் பிரியாம பிடிச்சு வைக்குது. முட்டை கேக்கைக் கட்டி நிறுத்துது. விலங்குகளோட எலும்பு, தோல்ல இருந்து எடுக்கற ஜெலட்டின் ஜெல்லியை நடுங்க வைக்குது. இந்த மூணையும் எடுத்துட்டா அந்த வேலையை யாராவது செஞ்சாகணுமே?

குவார் கம்மோட உள்கட்டமைப்பு கிட்டத்தட்ட நம்ம பூச்சரம் மாதிரி. மானோஸ்ங்கற சர்க்கரை நூல் மாதிரி நீளமா கோத்திருக்கும். அதுல ஒண்ணு விட்டு ஒண்ணுக்குப் பக்கத்துல கேலக்டோஸ்ங்கற இன்னொரு சர்க்கரை பூ மாதிரி தொங்கும். தண்ணியில போட்டா இந்தச் சரங்கள் விரிஞ்சு, தண்ணியை நகரவிடாம பிடிச்சுக்கும். அடுப்பே வேண்டாம், பச்சைத் தண்ணியிலயே வேலை செய்யும். இதோட பெரிய பலம் அதுதான்.

பாக்கெட் தேங்காய்ப்பால்ல இது இல்லைன்னா மேல கட்டிக் கொழுப்பு, கீழே நீர்னு பிரிஞ்சு நிக்கும். (அது கெட்டுப்போனதில்லை, தேங்காய்ப்பாலோட சுபாவமே அதுதான். நம்ம வீட்டுல பிழிஞ்சதும் அப்படித்தானே ஆகுது.) பாதாம் பால்ல அடியில மண்டி தங்காம பார்த்துக்கும். ஐஸ்கிரீம்ல தண்ணி பெரிய பெரிய ஐஸ் துகளா உறையாம தடுக்கும். கோதுமை ஆகாதவங்களுக்குப் பண்ற ரொட்டியில குளூட்டன் செய்யற வேலையில கொஞ்சத்தை ஏத்துக்கும். வேணுங்கற அளவு ரொம்பக் கம்மி. ஐஸ்கிரீம்ல கிலோவுக்கு ஒண்ணு ரெண்டு கிராம்.

அம்மாகிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சப்ப அடுப்படியிலேயே பதில் கிடைச்சுது. வெந்தயம்! ஊற வெச்ச வெந்தயம் வழவழன்னு ஆகுதில்லையா, அந்த வழவழப்பும் இதே குடும்பம்தான். அதே மானோஸ் சரம், பூ மட்டும் இன்னும் நெருக்கமா தொங்கும். தோசை மாவுல நாலு ஸ்பூன் வெந்தயம் போட்டு அரைக்கற நம்ம ஆச்சிமார்கள் எந்த நம்பரும் தெரியாமலே மாவுக்குப் பதம் ஏத்திட்டு இருந்திருக்காங்க. "அப்ப இது வெந்தயத்துக்குச் சித்தப்பா மவன்னு சொல்லு"ன்னாங்க அம்மா. இதை விடச் சுருக்கமா என்னால சொல்ல முடியாது.

*

டப்பாவுல 412 மட்டும் தனியா வராது, கூடவே சொந்தக்காரங்களும் வருவாங்க. எனக்கு உதவற மாதிரி ஒரு பட்டியல் சமையலறைக் கதவுல ஒட்டி வெச்சிருக்கேன். உங்களுக்கும் உதவும்.

410, லோகஸ்ட் பீன் கம். மத்தியதரைக் கடல் பக்கத்து காரோப் மரத்தோட விதை. வைரத்துக்கு நாம சொல்ற 'கேரட்' எடைக்குப் பேரு வந்ததே இந்த விதையில இருந்துதான். இரண்டாம் உலகப் போரப்ப அமெரிக்காவுக்கு இது கிடைக்காம போக, மாற்றுத் தேடினவங்க கண்ணுலதான் குவார் பட்டுது. 1950-களில் அங்கே வியாபார அளவுல கம் அரைக்க ஆரம்பிச்சாங்க.

406, அகர் அகர். நம்ம கடல்பாசி, சைனா கிராஸ். நோன்பு மாசத்துல பல வீடுகள்ல செய்யற அந்த வழுக்குற இனிப்பு இதுதான்.

407, கேரஜீனன். இதுவும் செங்கடல்பாசிதான், ரகம் வேற. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ்ல நிறைய வளர்க்கறாங்க. நம்ம ராமநாதபுரம் கடலோரத்துலயும் இதுக்கான பாசி வளர்ப்பு இருக்கு.

415, சாந்தன் கம். இது செடியில இருந்து வர்றதில்லை. முட்டைக்கோஸ் இலையைக் கருக்கற ஒரு பாக்டீரியாவுக்குச் சர்க்கரையைத் தீனி போட்டு, அது சுரக்கறதை எடுத்துக் காய வைக்கறது. வீகன் சாமான்கள்ல பெரும்பாலும் 412-ம் 415-ம் ஜோடியாத்தான் வரும். ரெண்டும் சேர்ந்தா பலம் கூடும்.

440, பெக்டின். ஆப்பிள் சக்கை, ஆரஞ்சு எலுமிச்சைத் தோல். ஜாமுக்கு.

414, கம் அரபிக். கருவேல இனத்து மரப்பிசின். சூடான்ல இருந்துதான் அதிகம் வருது. ஆனா அந்த மரம் நம்ம ராஜஸ்தான்லயும் இருக்கு, இங்கே குமட்னு பேரு. ஜோத்பூர்ல இருக்கற காஜ்ரி, அதாவது மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையம், இந்த மரத்துல ஊசி போட்டுப் பிசின் அதிகமா வடிய வைக்கற ஒரு முறையைக் கண்டுபிடிச்சுப் பரப்பியிருக்கு. இதோட விதையைத்தான் கேர் சாங்க்ரி கூட சேர்த்து இங்கே பஞ்ச்குட்டான்னு ஒரு கறி பண்றாங்க.

இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்துல, எதிர்வீட்டு ஆன்ட்டி 'கோந்த் கே லட்டு' கொடுத்தனுப்பினாங்க. பேரைக் கேட்டதும் தங்கமணி சிரிச்ச சிரிப்பு இருக்கே! கோந்துன்னா நமக்குப் பள்ளிக்கூட நோட்டுல படம் ஒட்டறது. இவங்களுக்கு அது பிள்ளை பெத்தவளுக்கு முதல்ல கொடுக்கற பலகாரம். பிசினை நெய்யில பொரிச்சா பொரி மாதிரி உப்பும். நம்ம மதுரை ஜிகர்தண்டாவுல பாதாம் பிசினை ரசிச்சுச் சாப்பிட்டுட்டு, டப்பாவுல 'கம்'னு பார்த்தா பயப்படறோம். பிசின்னா மருந்து, கம்முன்னா பசை. வார்த்தைதான் மாறுது.

*

அப்ப 412-ல தப்பே இல்லையான்னு கேட்டா, அதுக்கும் நேர்மையா பதில் சொல்லணும். 'செடியில இருந்து வந்தது, அதனால நல்லது'ங்கறதும் அந்த வாட்ஸ்அப் பட்டியல் மாதிரியே அரைகுறைதான்.

ஒண்ணு. இது நம்ம சிறுகுடல்ல செரிக்காது. பெருங்குடலுக்குப் போயி அங்கே இருக்கற கிருமிகளுக்குத் தீனியாகும். நார்ச்சத்து மாதிரி. அளவு கூடினா வாயு, உப்புசம், சிலருக்கு வயிறு இளகும். ஒரே நாள்ல பாதாம் பால், வீகன் சீஸ், ஐஸ்கிரீம்னு எல்லாத்தையும் உள்ளே தள்ளிட்டு வயிறு கடமுடங்குதுன்னா காரணம் இதுவா இருக்கலாம்.

ரெண்டு. உலர்ந்த பொடியை அப்படியே முழுங்கறது ஆபத்து. அமெரிக்காவுல குவார் கம்மை மாத்திரையாக்கி எடை குறையும்னு வித்தாங்க. தொண்டையிலயும் உணவுக்குழாயிலயும் போயி ஊறி உப்பி அடைச்சுக்கிச்சு. 1990 வாக்குல அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் தலையிட்டு நிறுத்த வேண்டியதாச்சு. உணவுல கரைஞ்ச ஒரு கிராமும், காய்ஞ்ச மாத்திரையும் ஒண்ணில்லை.

மூணு. 2007-ல இந்தியாவுல இருந்து ஐரோப்பாவுக்குப் போன குவார் கம்முல டையாக்சினும், பென்டாக்ளோரோஃபீனால்ங்கற நச்சும் கலந்திருந்தது தெரிஞ்சுது. மறு வருஷமே பரிசோதனைச் சான்று இல்லாம உள்ளே விடமாட்டோம்னு விதி வந்துச்சு. குற்றம் செடியோடது இல்லை, கலந்த நச்சோடது. ஆனா சாப்பிடறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானே.

நாலு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-ல இதை மறுபடி முழுசா ஆராய்ஞ்சு, பொதுவான மக்களுக்குப் பாதுகாப்புக் கவலை இல்லை, தினசரி உச்சவரம்புன்னு எண் குறிக்க வேண்டிய அவசியம் இல்லைன்னு சொல்லுச்சு. ஆனா பச்சைக் குழந்தைகள், விசேஷ மருத்துவ உணவு சாப்பிடற சின்னக் குழந்தைகள் விஷயத்துல தகவல் போதாதுன்னும் சொல்லியிருக்கு. அதனால கைக்குழந்தை இருக்கற வீடுகள்ல மருத்துவரைக் கேட்காம எதையும் கெட்டிப்படுத்திக் கொடுக்காதீங்க.

*

இப்ப நான் எழுத வந்த முக்கியமான விஷயம்.

போன வருஷம் எங்க குடியிருப்புல ஒரு பிறந்தநாள். சின்னவளுக்குப் பால் ஆகாதுன்னு தெரிஞ்சு, எதிர்வீட்டு ஆன்ட்டி பாவம் பிரியமா தனியா ஒரு சின்ன கேக் ஆர்டர் பண்ணியிருந்தாங்க. 'நான் டெய்ரி க்ரீம், பால் கிடையாது'ன்னு கடைக்காரர் உறுதி சொல்லியிருக்கார். ரெண்டு ஸ்பூன் சாப்பிட்டிருப்பா. கால் மணி நேரத்துல முகமெல்லாம் தடிப்பு, மூச்சு இழுக்க ஆரம்பிச்சுது. தங்கமணி ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயி, நான் ஆபீஸ்ல இருந்து போய்ச் சேர்றதுக்குள்ள ஊசி போட்டிருந்தாங்க. ராத்திரி அங்கேயே வெச்சிருந்து காலையில அனுப்பினாங்க. இப்ப நல்லா இருக்கா.

மறுநாள் ஆன்ட்டி அழுதுகிட்டே கடையில இருந்து அந்த க்ரீம் பாக்கெட்டையே வாங்கிட்டு வந்துட்டாங்க. எங்க வீட்டு ஹால்ல எல்லாரும் அதைக் கையில வாங்கிப் பார்த்தாங்க. எல்லார் விரலும் போயி நின்ன இடம் 'ஸ்டெபிலைசர் 412, 415'. "நான் அன்னைக்கே சொன்னம்ல்லா, அந்தப் பசைதான்யா"ன்னாங்க அம்மா. பக்கத்து ஃப்ளாட்காரர் 'கெமிக்கல், கெமிக்கல்'னு தலையை ஆட்டினார்.

அதுக்கு ரெண்டு வார்த்தை முன்னால அமைதியா உட்கார்ந்திருந்துது நிஜமான குற்றவாளி. 'சோடியம் கேசினேட்'. கேசின்னா பாலோட முக்கியப் புரதம். அதுல இருந்து செய்யறதுதான் இது. 'நான் டெய்ரி'ன்னு முன்பக்கம் கொட்டை எழுத்துல போட்ட க்ரீம், காபி பவுடர்கள் பலதுல இது இருக்கும். கீழே சின்னதா 'பால் அடங்கியது'ன்னும் போட்டிருந்தாங்க. யார் கண்ணும் அங்கே போகலை. எல்லாரும் நம்பரைப் பார்த்துப் பயந்துக்கிட்டு இருந்தோமே தவிர, வார்த்தையைப் படிக்கலை.

இதுதான் மக்களே விஷயம். நம்ம பயம் தப்பான வரியில போயி உட்கார்ந்துக்கிச்சுன்னா, பயப்பட வேண்டிய வரி தப்பிச்சுடும். கொத்தவரை விதைக்குப் பயப்படற வீட்டுல பால் புரதம் சத்தமில்லாம உள்ளே வந்துடும்.

அலர்ஜி இருக்கற வீடுகளுக்கு நான் சொல்ற மூணே மூணு:

பச்சைப் புள்ளியை நம்பாதீங்க. அது சைவம்னு மட்டும்தான் சொல்லுது. நம்ம நாட்டுச் சைவத்துல பாலும் நெய்யும் அடக்கம்.

2022-ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீகன் உணவுக்குன்னே தனி விதிகளும் பச்சை நிற முத்திரையும் கொண்டு வந்துச்சு. அது இருந்தா பால் பொருள் சேர்க்கலைன்னு அர்த்தம். ஆனா அதே இயந்திரத்துல வேற சாமான் ஓடியிருக்கலாம். அதனால 'பால் இருக்கலாம்'ங்கற வரி இருக்கான்னு தனியா பாருங்க.

கேசின், கேசினேட், வே, மில்க் சாலிட்ஸ். இந்த நாலு வார்த்தையையும் வீட்டுல எல்லாருக்கும், முக்கியமா ஆச்சி தாத்தாக்களுக்கும் பழக்கிடுங்க. எங்க அம்மா இப்ப மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கிட்டு முதல்ல தேடறது 'கேசி'ன்னு ஆரம்பிக்கற வார்த்தையைத்தான். "412 கிடக்கட்டும், அது நம்ம சீனியவரைக்காதான"ன்னு அடுத்த வரிக்குப் போயிடறாங்க.

*

கொத்தவரையை விளைவிக்கறவங்களைப் பத்திச் சொல்லாம முடிச்சா இந்த ஊர்ச் சோறு செரிக்காது.

இங்கே பழைய கடன் ஃபைல்களைப் புரட்டினா 2012-ன்னு ஒரு வருஷம் தனியா தெரியும். அமெரிக்காவுல பாறையைப் பிளந்து எண்ணெய், எரிவாயு எடுக்கற வேலை சூடுபிடிச்சிருந்த நேரம். பாறை வெடிப்புக்குள்ள மணலைச் சுமந்துக்கிட்டுப் போக அந்தத் தண்ணி கெட்டியா இருக்கணும். அதுக்கும் இதே குவார் கம்தான். அதுக்கு முன்னாடி குவிண்டாலுக்கு ரெண்டாயிரம், மூவாயிரம்னு இருந்த விதை சுமார் 30,000 ரூபாயைத் தொட்டுச்சு. மார்ச் 2012-ல முன்பேர வர்த்தகத்தையே நிறுத்தினாங்க, 2013 மே மாசம்தான் மறுபடி திறந்தாங்க. 2012-13-ல குவார் கம் ஏற்றுமதி 20,000 கோடி ரூபாயைத் தாண்டுச்சு. குடிசை கல் வீடாச்சு, ஒட்டகம் நின்ன இடத்துல டிராக்டர் நின்னுச்சு.

அப்புறம் எண்ணெய் கம்பெனிகள் மாற்றுப் பொருள் கண்டுபிடிச்சாங்க. 2014-ல கச்சா எண்ணெய் விலையும் விழுந்துச்சு. குவார் அந்த உயரத்தைப் பிறகு தொடவேயில்லை. டிராக்டர் கடன் மட்டும் நின்னுது. கோதுமை, நெல், பாசிப்பயறு மாதிரி குவாருக்கு அரசு நிர்ணயிக்கற ஆதரவு விலையும் கிடையாது. எங்க கிளைக்கு வர்ற ஒரு பெரியவர் ஒருநாள் சொன்னார், "சாஹப், மழையை நாங்க வானத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்குவோம். அமெரிக்காவை எங்கே பார்த்துத் தெரிஞ்சுக்கறது?"

சாப்பாட்டுத் தொழில் எண்ணெய்த் தொழில் மாதிரி ஒரே வருஷத்துல தூக்கிவிடவும் செய்யாது, கைவிடவும் செய்யாது. ஐஸ்கிரீம், ரொட்டி, தாவரப் பால் எல்லாம் நிதானமா வாங்கிக்கிட்டே இருக்கும். என் மகளுக்கு ஒரு டம்ளர் பாதாம் பால்ல போறது ஒரு சிட்டிகை கூட இல்லை. ஆனா அந்தச் சிட்டிகைகள் எல்லாம் சேர்ந்துதான் இந்த மணல் பூமியில ஒரு மழையை நம்பி விதைக்கறவருக்கு நிலையான வாடிக்கை. காரணமில்லாம 412-ஐ ஒதுக்கச் சொல்ற பட்டியலை அடுத்த குரூப்புக்குத் தள்ளிவிடறதுக்கு முன்னாடி இதையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.

பி.கு. 1: வீட்டுலயே பால் இல்லாத ஐஸ்கிரீம் பண்ண ஆசைப்படறவங்களுக்கு, தங்கமணியின் கைப்பக்குவம். அரை லிட்டர் கெட்டித் தேங்காய்ப்பால், 100 கிராம் சர்க்கரை, ஒரு கிராம் குவார் கம் (டீஸ்பூன்ல மூணுல ஒரு பங்கு), ஏலக்காய், துளி உப்பு. பொடியை நேரா பால்ல கொட்டினா கட்டி தட்டிடும். முதல்ல சர்க்கரையோட நல்லாக் கலந்து, மிக்ஸி ஓடறப்ப தூவுங்க. நாலு மணி நேரம் ஃப்ரிட்ஜுல வெச்சு, அப்புறம் ஃப்ரீசருக்கு மாத்தி, ஒரு மணிக்கு ஒரு தடவைன்னு மூணு தடவை எடுத்து அடிச்சு வைங்க. மாம்பழ சீசன்ல பாலைக் கொஞ்சம் குறைச்சுட்டு பழக்கூழ் சேர்க்கலாம்.

பி.கு. 2: நூறு கிராம் பொடி வாங்கினா ஒரு வருஷம் வரும். அளவு கூடினா கெட்டியா வரும்னு நினைச்சு அள்ளிப் போட்டீங்கன்னா, அம்மா சொன்ன பசை நிஜமாவே வந்துடும் :-)